கெரிலின் ஊற்றாத ஷெர்ரி

கெரிலின் ஸ்டாட்டர்டை பயந்த சுபாவக்காரி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் அவள் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள். பஸ் ஓட்டுகிறவளுக்கு என்ன பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவளைப் போல் பயப்படுகிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிளம்புவதற்கு முன் டயரை ஒருமுறை தட்டிப் பார்ப்பாள், ஏறி உட்கார்ந்தபின் சந்தேகம் வந்து இறங்கி மறுபடியும் தட்டுவாள். கங்காரு குறுக்கே பாயும் என்று ஆற்றுத் திருப்பத்தில் மாட்டுவண்டி வேகத்தில் போவாள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள், யாராவது தூங்கிப்போயிருந்தால்? ஒருத்தரும் ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை.

புருஷன் குவீன்ஸ்லாந்துக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்தது, ஆள் திரும்பவில்லை. அதற்கு அவள் அழுது நான் பார்த்ததில்லை. பஸ்ஸும் மகள் டீகனும் போதும் என்று இருந்துவிட்டாள்.

நான் இந்த ஊரில், பெண்கள் பந்தைக் கைமாற்றிக் கூடையில் போடுகிற நெட்பால் ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவள். முழங்கால் தேய்ந்ததும் விசிலை வைத்துவிட்டு கிளப் கேன்டீனில் உட்கார்ந்தேன். வாய் மட்டும் ஓயவில்லை. விசில் இல்லாமலே யார் தப்பு செய்தாலும் கண்ணில் பட்டுவிடுகிறது, பட்டால் சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை. கெரிலினுக்கு என் வாய் பிடிக்கும். எதையும் என்னிடம்தான் வந்து கொட்டுவாள். அதனால்தான் இதையெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது.

டீகனுக்குப் பதினாறு வயது. எல் போர்டு மாட்டிய காரை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையைவிட்டு கிரீஸ் பூசிக்கொண்டு வருவதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். அறுபது கிலோமீட்டர் தள்ளி பெட்டிகுரூ என்பவர் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார். ஜனவரியிலிருந்து வேலை பழக வரலாம் என்று டீகனிடம் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, அதற்குள் அவள் தனியாக ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். பதினேழு நிறைந்தால் எங்கள் பக்கம் அது கிடைக்கும், டீகனுக்கு டிசம்பரில் நிறைகிறது. எங்கள் ஊரிலிருந்து அங்கே பஸ் கிடையாது, ரயில் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை. டீகன் அந்தப் பட்டறையின் தொப்பியை வாங்கி வந்து வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிந்தாள்.

செப்டம்பரில் எங்கள் பெண்கள் நெட்பால் கோப்பையை ஜெயித்தார்கள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு வந்த கோப்பை. கடைசிப் பந்தைப் பிடித்துப் போட்டவள் டீகன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் மதிய விருந்து. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த கோப்பையை நிரப்பி, ஆடிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய அம்மாவோ அப்பாவோ கையால் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பெற்றவர்கள் முதலில் ஒரு வாய் குடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எலுமிச்சை சோடா. கொஞ்சம் பெரியவர்களுக்கு அதில் ஷாம்பெயின் வாசனை காட்டுவார்கள். இந்தத் தடவை கிளப் தலைவர் பாரி ஹாலோரன் சந்தோஷத்தில் சோடாவை வாசனைக்கும் ஷாம்பெயினைக் கோப்பை நிறையவும் ஊற்றச் சொல்லிவிட்டார். கோப்பை மூன்று சுற்று வந்தது. மூன்று தடவையும் கெரிலின் ஒரு வாய் குடித்துவிட்டு மகள் கையில் கொடுத்தாள். மூன்று தடவையும் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

கோப்பையில் குடித்தது குடியில் சேராது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. எந்தக் காலத்தில் யார் போட்ட கணக்கோ, பாதிரியார்கூட அப்படித்தான் நினைக்கிறார். சாப்பாட்டோடு கெரிலின் ஒரு கிளாஸ் ஒயின் குடித்திருந்தாள். அது கணக்கில் சேரும். மது நாக்கில் பட்டால் கை ஸ்டியரிங்கில் படக்கூடாது என்பது அவள் வைத்திருந்த விரதம். ஆகவே வெளியே வந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து டீகனிடம் நீட்டினாள். "நீ ஓட்டுடி. நான் ஒரு கிளாஸ் குடிச்சிருக்கேன்" என்றாள். நானும் அங்கேதான் நின்றேன். எவ்வளவு பொறுப்பானவள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோதுமைக் கிடங்கைத் தாண்டியதும் போலீஸ் நின்றது. ஞாயிறு மதியம், வெயில், இரண்டு பக்கமும் கடுகு வயல் மாதிரி மஞ்சளாகக் கனோலா பூத்துக் கிடக்கிறது, நடுவில் புதிதாக ஊருக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் கையை நீட்டி நிறுத்துகிறார். முதலில் டீகனை ஊதச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை ஊதச் சொன்னார். எல் போர்டு ஓட்டுகிறவர்களுக்கு உடம்பில் ஒரு சொட்டு மதுவும் இருக்கக்கூடாது என்பது சட்டம். டீகன் உடம்பில் ஒரு சொட்டுக்கு மேலேயே இருந்தது. பக்கத்தில் உட்காரும் பெரியவர் அளவோடு குடித்திருந்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. கெரிலின் ஊதினாள், அளவுக்குள்தான் இருந்தது. அவளே ஓட்டியிருந்தால் கான்ஸ்டபிள் "நல்லபடியா போங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். இதை நினைத்து நினைத்துத்தான் அவள் பிறகு பாதியாக இளைத்துப்போனாள்.

எங்கே குடித்தாய், யார் கொடுத்தார்கள் என்று கான்ஸ்டபிள் கேட்டிருக்கிறார். கெரிலின் வாயைத் திறப்பதற்குள் டீகன் முந்திக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, மேஜையில் இருந்ததைத் தானாகவே எடுத்துக் குடித்ததாகச் சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டாள். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். கெரிலின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

"சொல்லணும்னு நினைச்சேன்" என்று மறுநாள் கேன்டீன் பின்கட்டில் என்னிடம் சொன்னாள். "நாக்கு எழும்பல. பஸ்ஸு கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு."

பஸ் வந்து நின்றதில் அர்த்தம் இருந்தது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மதுவைக் கொடுத்துவிட்டு, அதே கையால் கார் சாவியையும் கொடுத்தவளை எந்தக் கம்பெனி பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏற்றும்? டீகனின் எல் லைசென்ஸை அந்த ரோட்டிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். நவம்பரில் கோர்ட். குற்றம் நிரூபணமானால் மாஜிஸ்ட்ரேட் மனது வைத்தால் மூன்று மாதம், வைக்காவிட்டால் ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது. மூன்றோ ஆறோ, ஜனவரி போய்விடும். பெட்டிகுரூ பட்டறையும் போய்விடும்.

இந்தச் சமயத்தில்தான் பாரி ஹாலோரனுக்கு மூளை வேலை செய்தது. தீவனக் கடை வைத்திருக்கிறவர், கிளப்புக்காக உயிரையே கொடுப்பார், சில சமயம் அடுத்தவர் உயிரையும் கொடுப்பார். சின்னப் பெண்களுக்குக் கோப்பையில் ஷாம்பெயின் ஊற்றியது வெளியே வந்தால் கிளப்பின் மது உரிமம் பறிபோகும், அது இல்லாமல் கிளப்பில் ஈ ஓட்டவேண்டியதுதான். யாரோ வக்கீலிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டிலிருந்தோ மருந்திலிருந்தோ உடம்பில் ஏறியது என்று நிரூபித்தால் டீகன் மாதிரிப் பிள்ளைகளைச் சட்டம் விட்டுவிடுமாம். விருந்தில் கெரிலினின் டிரைஃபிள் இருந்தது. கேக், ஜெல்லி, கஸ்டர்ட், பழம் என்று அடுக்கடுக்காக அவள் செய்வது. மற்ற வீடுகளில் அந்த கேக்கை ஷெர்ரி என்கிற இனிப்பு ஒயினில் ஊறவைப்பார்கள். கெரிலின் வீட்டில் ஆரஞ்சுச் சாறுதான். தன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களே என்று எப்போதோ ஷெர்ரியை விட்டுவிட்டாள். ஊருக்கே இது தெரியும்.

"இந்த வருஷம் ஷெர்ரி ஊத்தினேன்னு சொல்லு கெரி. அவ்வளவுதான்" என்றார் பாரி. "பொண்ணு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா, ஏறிடுச்சு. டிரைஃபிள் செஞ்சதுக்கு யாரையும் தூக்குல போட மாட்டாங்க. பொண்ணும் பொழைச்சுக்குவா, கிளப்பும் பொழைச்சுக்கும்."

பெண்ணை முதலில் சொன்னார். மனசுக்குள் வரிசை வேறு என்று அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது. "கான்ஸ்டபிள்கிட்ட அவ வேற சொல்லியிருக்காளே" என்று நான் கேட்டேன். பதற்றத்தில் உளறிவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஊரும் அவர் பக்கம் சாய்ந்தது. டிரைஃபிளில் ஷெர்ரி வாசனை அடித்தது என்று சொல்ல நாலு பேர் முன்வந்தார்கள். தபாலாபீஸ் ஜாய்ஸ் ஒருபடி மேலே போய், அன்றைக்குத் தனக்கு லேசாகத் தலை சுற்றியதை ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. டீகனுக்காக என்று நம்பியே செய்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் வேறு வழி கேட்டிருந்தால் என்னிடமும் இல்லை.

டீகனுக்கு அது பிடிக்கவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையை வாங்கிக்கொள்கிறேன், அம்மா கோர்ட்டில் வாயே திறக்க வேண்டாம் என்றாள். கெரிலின் விடவில்லை. பட்டறை கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் தொப்பி மேஜையில் கிடந்தது. கடைசியில் அம்மா இஷ்டம் என்று டீகன் விட்டுவிட்டாள், தொப்பியைப் போடுவதையும் விட்டிருந்தாள்.

அக்டோபர் முழுவதும் கெரிலின் ஒரு பொய்யை மனப்பாடம் செய்தாள். பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளை வாய்ப்பாடு படிப்பதுபோலப் படித்தாள். நான் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் நிற்பாள்.

"ஷெர்ரி எவ்வளவு ஊத்துவாங்க? அரை கப்பா, ஒரு கப்பா?"

"எனக்கென்ன தெரியும். நான் கடையில வாங்கித் திங்கிறவ."

"ஒரு கப்புன்னு சொன்னா ரெண்டு கிண்ணத்துல அவ்வளவு ஏறுமா?"

"கெரி, சொல்றதுன்னா துணிஞ்சு சொல்லு. இல்லன்னா சொல்லாதே. ரெண்டுங்கெட்டானா வந்து என் எண்ணெயைக் கருக வைக்காதே."

கோபமாகத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. பஸ்ஸில் குறும்புக்காரப் பிள்ளைகள் "மிஸஸ் ஸ்டாட்டர்ட், ஊதுங்க பார்க்கலாம்" என்று கேலி செய்வதாகச் சொன்னாள். ஒருநாள் பாதி வழியில் பஸ்ஸை ஓரங்கட்டி, எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்களா என்று எண்ணியிருக்கிறாள். எண்ணியது மறந்து, மறுபடி எண்ணியிருக்கிறாள். பெரிய பையன் ஒருவன் எழுந்து வந்து, எல்லாரும் இருக்கிறோம், போகலாம் என்று சொன்ன பிறகுதான் எடுத்தாளாம். போலீஸ் கார் எதிரே வந்தால் பயம், தபால்காரர் வந்தால் பயம், டீகன் சிரித்தால்கூடப் பயம் என்றாள்.

கோர்ட் அன்றைக்கு நானும் கூடப் போனேன். பாரி கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் வக்கீல் இளவயதுக்காரர், நேர்மையானவர், டிரைஃபிளை முழுக்க நம்பிக்கொண்டிருந்தார் பாவம். மாஜிஸ்ட்ரேட் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒவ்வொருவரையும் ஒருமுறை பார்த்தார். கான்ஸ்டபிள் முதலில் வந்து, டீகன் தன்னிடம் சொன்னதைச் சொன்னபடியே வாசித்தார். அப்புறம் கெரிலினைக் கூப்பிட்டார்கள். உண்மை தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னபோது எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீகன் தலையைக் குனிந்துகொண்டாள்.

வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார். டிரைஃபிள் செய்தீர்களா என்றார். செய்தேன் என்றாள். அதில் என்னென்ன இருந்தது என்றார். கேக், கஸ்டர்ட், பீச் பழம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து நின்றுவிட்டாள். ஷெர்ரி, என்று வக்கீலே எடுத்துக் கொடுத்தார். "போடறது உண்டு" என்றாள் கெரிலின். நான் நடுவராக இருந்தவள், கோட்டைத் தாண்டாமல் கோட்டின் மேல் நிற்கிற காலை எனக்குத் தெரியும். வக்கீலுக்குத் தெரியவில்லை, திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். பாரி மூச்சு விட்டது பின்வரிசைவரை கேட்டிருக்கும்.

போலீஸ் தரப்பில் பேசியவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இரண்டே கேள்விதான் கேட்டார். மகள் கான்ஸ்டபிளிடம் பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்று முதலில் கேட்டார். இருந்தேன் என்றாள்.

"மேஜையில இருந்த மதுவைத் தானே எடுத்துக் குடிச்சதா உங்க பொண்ணு சொல்லியிருக்காங்க. நீங்க சாப்பாட்டுல ஏறுச்சுங்கறீங்க. அப்படின்னா உங்க பொண்ணு போலீஸ்கிட்டப் பொய் சொன்னாங்கன்னு எடுத்துக்கலாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதற்றத்தில் உளறிவிட்டாள் என்று சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான், பாரி அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார். கெரிலின் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். சொல்லிவிடு என்று நினைத்தேனா, சொல்லாதே என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஆமா, பொய்தான் சொன்னா" என்றாள். "எனக்காகச் சொன்னா."

மாஜிஸ்ட்ரேட் கையை உயர்த்தினார். உங்களுக்கே பாதகமாக முடியக்கூடிய எதையும் நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, யோசித்துப் பேசுங்கள் என்று நிதானமாகச் சொன்னார்.

"யோசிச்சு யோசிச்சுத்தான் யுவர் ஆனர் எனக்குத் தூக்கமே போச்சு. என் டிரைஃபிள்ல ஷெர்ரி கிடையாது. கோப்பையை அவ கையில குடுத்தது நான். மூணு தடவை குடுத்தேன். அதுல என்ன இருந்துச்சுன்னும் எனக்குத் தெரியும், முதல் வாய் குடிச்சதே நான்தான். அப்புறம் சாவியையும் நானே குடுத்தேன்."

பாரி கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார். எங்கள் இளம் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரரோடு பேசக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவகாசம் முடிந்து வந்ததும் டீகன் குற்றத்தை ஒத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து மூன்று மாதம் என்றார் மாஜிஸ்ட்ரேட். அதற்குக் கீழே குறைக்கச் சட்டம் தனக்கு இடம் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். கிளப்பில் அன்றைக்கு யார் எதை ஊற்றினார்கள் என்று தனியாக விசாரிக்கும்படி போலீஸ் தரப்பிடம் சொன்னார். கெரிலினைப் பார்த்து, நீங்கள் சீக்கிரம் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

வெளியே வராந்தாவில் பாரி எங்களைத் தாண்டிப் போனார். கெரிலின் அங்கேயே நின்றுகொண்டு பஸ் கம்பெனிக்கு போன் போட்டாள். அவர்கள் காதுக்கு எப்படியும் போகும், நம் வாயிலிருந்தே போகட்டும் என்றாள். நடந்ததை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் குரல் மாறியது எனக்கே கேட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம், சாவியை டெப்போவில் கொடுத்துவிடுங்கள், விசாரணை முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடப்போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. போனைப் பைக்குள் வைக்கப் போய் இரண்டு தடவை கீழே போட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

டீகன் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். அழுது முடித்த முகம், ஆனால் கோபம்தான் அதிகம் இருந்தது.

"எதுக்கும்மா சொன்னே? என் வேலை எப்படியும் போச்சு. உன் பஸ்ஸாவது மிஞ்சட்டும்னுதானே நான் அன்னிக்கே என் தலையில போட்டுக்கிட்டேன். அதையும் கெடுத்துட்டே. இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல."

மகளுடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கெரிலின் அதை நீவி எடுத்துவிட்டாள். டீகன் கையைத் தட்டிவிட்டாள். அவள் மறுபடி நீவினாள்.

"என்னைக் காப்பாத்தறது உன் வேலை இல்லடி" என்றாள். "நான்தான் உனக்கு அம்மா. நீ எனக்கு அம்மா இல்ல."

பதினாறு வயதுப் பெண், போட்டியில் தன்னைவிட உயரமானவளுக்கு மேலே எம்பிப் பந்தைப் பறிக்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வராந்தாவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கெரிலின் யாரையும் பார்க்கவில்லை. அவள் கை மகளுடைய முதுகின் மேல் இருந்தது, அது நடுங்கவில்லை.